வாட்ச் செயினுக்குப் பற்பசை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், பழைய கைக்கடிகாரத்தின் மங்கிப்போன தங்கநிறச் செயினைப் பளபளப்பாக்குவது பற்றி அரைப் பக்கத்துக்குக் குறிப்பு வந்திருந்தது. பற்பசை போட்டுத் தேய்க்கலாம், கறுத்த இடத்தில் புளி வைக்கலாம், அதற்கும் மசியாவிட்டால் கவரிங் கடையில் கொடுத்து முலாம் பூசிக்கொள்ளலாம், முலாம் திரவத்தையே வீட்டுக்கு வரவழைத்துக்கொள்ளலாம் என்று போட்டிருந்தீர்கள். பள்ளிக்கூடத்தில் 34 வருஷம் வேதியியல் நடத்தியவள் நான். விடைத்தாளாக இருந்தால் சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போயிருப்பேன். பேப்பரில் வந்துவிட்டதால் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.

நீங்கள் சொன்னதில் பாதியை எங்கள் வீட்டில் ஏற்கெனவே செய்து பார்த்தாயிற்று. என் வாட்சில்தான்.

என் அப்பச்சி, அதாவது அப்பா, பினாங்கில் ஒரு கிட்டங்கியில் (லேவாதேவிக் கடை) ஏஜெண்டுக்கு உதவியான அடுத்தாளாக இருந்தார்கள். 1972-இல் நான் பி.எஸ்ஸி. தேறிய செய்தி கடிதத்தில் போனதும், ரஜுலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கிய ஒரு பங்காளி கையில் சின்னதாக ஒரு டப்பா கொடுத்துவிட்டார்கள். உள்ளே டிட்டோனி என்கிற சுவிஸ் கம்பெனியின் லேடீஸ் வாட்ச். சாவி கொடுக்கிற ரகம், 17 ஜூவல். டயலில் ஐந்து இதழோடு ஒரு பூ இருக்கும். நெடுநாள் அதை நந்தியாவட்டை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது அந்தக் கம்பெனியின் அடையாளமான பிளம் பூ என்பது பிற்பாடுதான் தெரிந்தது. செயின் வேறு நாட்டுக்காரனுடையது. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும் ஸ்பிரிங் செயின். உள்பக்கம் பொடி எழுத்தில் ஃபிக்ஸோஃப்ளெக்ஸ் என்று குத்தியிருக்கும். ஜெர்மனியில் ஃபோர்ட்ஸ்ஹைம் என்கிற ஊர்ச் சரக்கு. தரையில் பதிக்கிற கல் என்றால் நமக்கு ஆத்தங்குடி மாதிரி, நகைக்கும் கடிகாரத்துக்கும் அவர்களுக்கு அந்த ஊர்.

அப்பத்தாவுக்குத் திருப்தியில்லை. "கழுத்துக்கு ஏதாச்சும் வரும்னு பார்த்தா, கைக்கு மணி கட்டி விட்டிருக்கான்" என்றார்கள்.

கைக்குக் கட்டிய மணி 2009-இல் நான் ஓய்வுபெறும் வரை இடது கையைவிட்டு இறங்கவில்லை. வலது கையில் சாக்பீஸ், இடது கையில் டஸ்டர். தட்டும்போது பறக்கிற தூளில் பாதி செயின் கண்ணிக்குள்தான் போகும். பங்குனி வேர்வையோடு அது குழைந்து, கை அசையும்போதெல்லாம் அரம் மாதிரி உள்ளே அராவிக்கொண்டிருக்கும். பிறகு ஆய்வகம். டைட்ரேஷன் செய்தவர்களுக்குத் தெரியும்: வலது கையில் குடுவையைச் சுழற்றிக்கொண்டே இடது கையால் பியூரெட் என்கிற அளவுக் குழாயின் திருகைப் பிடிக்க வேண்டும். திருகைப் பிடிக்கிற கையின் மணிக்கட்டு ஸ்டாண்டின் இரும்புக் கம்பியில் இடிக்கும், உரசும். அப்படி உரசி உரசி ஒரு பக்கத்தில் ஒன்பது கண்ணிகளில் தங்கம் போய்விட்டது. உள்ளேயிருந்த மட்ட உலோகம் சிவந்த மஞ்சளாகத் தெரியும். எண்ணி வைத்திருக்கிறேன், ஒன்பது. கணக்குக்குச் சொல்வதானால் ஒரு கண்ணிக்கு ஏறக்குறைய நாலு செட் பிள்ளைகள்.

என் எழுபதாவது பிறந்தநாளுக்கு மகள் வயிற்றுப் பேரன் ஊரிலிருந்து வந்தான். வருவதற்கு ஒரு மாதம் முன்னால், "ஆயா, வாட்சை சர்வீஸுக்குக் கொடுக்கிறேன்" என்று வாங்கிப் போயிருந்தான். டப்பாவைத் திறந்தால் செயின் மஞ்சள் தேய்த்துக் குளித்த மாதிரி இருக்கிறது. முதலில் பற்பசை போட்டு அவனே தேய்த்திருக்கிறான். கேஸின் ஓரத்திலும் மேல் கண்ணிகளிலும் மிச்சமிருந்த தங்கத்திலும் கொஞ்சம் போனதும், பயந்துபோய் எங்கோ ஒரு முலாம் கடையில் கொடுத்திருக்கிறான். அவர்கள் மெருகேற்றுகிற பஃபிங் சக்கரத்தில் வைத்து வழித்து, முக்கி எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ஒன்பது கண்ணியும் மற்றதும் ஒன்றுபோல் ஆகிவிட்டன. உள்பக்க எழுத்தைக் காணோம். பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். "நல்லா இருக்குடா" என்றேன். வேறென்ன சொல்ல?

இரண்டாவது மாதம் கண்ணி விளிம்புகளில் முலாம் வெங்காயச் சருகு மாதிரி கிளம்பிற்று. அப்புறம் மணிக்கட்டில் பச்சையாகக் கறை, அந்த இடத்தில் அரிப்பு. 37 வருஷம் அந்தச் செயின் போட்டு எனக்கு அரித்ததே இல்லை. நாலாவது மாதம் குன்றக்குடிப் படியில் ஏறிக்கொண்டிருந்தேன், பொடுக்கென்று ஒரு சத்தம். புடவைக் கொசுவத்தில் விழுந்ததால் வாட்ச் பிழைத்தது.

காரைக்குடியில் செக்காலை ரோட்டுப் பக்கம் மாடிப்படிக்கு அடியில் ஒரு பெட்டிக்கடை அளவில் வாட்ச் ரிப்பேர் செய்கிற பாய் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"டீச்சர், நீங்க இதை ஒரு செயின்னு நினைக்கிறீங்க. இது முப்பது பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் வில்லு இருக்கு. கழட்டாம ஆசிட்ல முக்கிட்டாங்க. உள்ள போனது எப்படி வெளிய வரும்?"

ஊசியால் ஒரு கண்ணியின் மடிப்பை நெம்பித் திறந்து காட்டினார். கீழ்வரிசை எவர்சில்வர்க் கூடு. மேலே தங்கத் தகடு மூடி. இரண்டையும் கோப்பது 'ப' வடிவக் கொக்கி. உள்ளே பச்சையும் கறுப்புமாக ஈரப் பிசுக்கு. அதற்கும் அடியில், மூலையில், வெள்ளையாக இறுகிப்போன தூள்.

"இதென்ன மாவு?" என்றார்.

"சாக்பீஸ்."

நடந்தது இதுதான் என்று இப்போது சொல்ல முடியும். தங்கம் மங்குவதில்லை. துரு ஏறாது, களிம்பு ஏறாது. தேயும், அவ்வளவுதான். நாம் மங்கல் என்று சொல்வது ஒன்று மேலே படிந்த அழுக்கு, இல்லையென்றால் தங்கம் தேய்ந்து போன இடத்தில் எட்டிப் பார்க்கிற உலோகம். அழுக்கென்றால் கழுவினால் போகும். தேய்மானத்தைத் தேய்த்துச் சரிசெய்ய நினைப்பது, கிழிந்த புடவையை மறுபடி அடித்துத் துவைக்கிற கதை.

பழைய நல்ல செயின்களில் இருப்பது ரோல்டு கோல்டு. மட்ட உலோகத் தகட்டின் மேல் தங்கத் தகட்டை வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டவைத்து, உருளையில் கொடுத்து மெல்லிசாக்குவார்கள். இது உண்மையான தங்கத் தகடு, நெருக்கமானது. அந்தக் காலத்து வாட்ச் கேஸ்களின் பின்புறம் 20 மைக்ரான் என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு, தலைமுடியின் பருமனில் மூன்றில் ஒன்றுகூட வராது. அதுவே முப்பது நாற்பது வருஷம் தாங்கும். கடையில் நின்று வாங்கிவரும் அவசர முலாம் பெரும்பாலும் அரை மைக்ரானைத் தாண்டாது. அவ்வளவு மெல்லிசான முலாமில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் இருக்கும். வேர்வை என்பது உப்பும் லாக்டிக் அமிலமும் சேர்ந்த நீர். துவாரம் வழியாக அது கீழே உள்ள செம்புக் கலவையைப் பிடித்தால் பச்சைக் களிம்பு. அரிப்புக்கு அநேகமாக நிக்கல் காரணம். தங்கத்துக்கு அடியில் நிக்கல் பூசுவது முலாம் தொழிலில் வழக்கம், சிலர் தோலுக்கு அது ஒத்துக்கொள்ளாது.

எவர்சில்வர் சங்கதி வேறு. அதன் மேல் எப்போதும் ஓர் ஆக்சைடு படலம் இருக்கும். அதனால்தான் அது துருப்பிடிப்பதில்லை, அதனால்தான் முலாமும் அதில் நேரடியாக ஒட்டாது. நிக்கல் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த கரைசலில் முதலில் ஒரு நிக்கல் பூச்சு ஏற்றி, அதன் மேல்தான் தங்கம் போட வேண்டும். அந்தப் படியை விட்டுவிட்டால் வெங்காயச் சருகுதான். வில் ஒடிந்ததற்கும் பள்ளிக்கூடப் பாடத்திலேயே பதில் இருக்கிறது. கடினமாக்கிய எஃகு அமிலத்தில் ஊறினால் ஹைட்ரஜன் அதற்குள் புகும். புகுந்தால் வளைய வேண்டியது ஒடியும்.

பற்பசையில் இருப்பது சுண்ணாம்புக்கல் தூளோ சிலிக்காவோ. பல்லின் எனாமலுக்கு ஆகும், மைக்ரான் கணக்கில் இருக்கிற தங்கத்துக்கு ஆகாது. புளியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கத்து வீடுகளில் கல்யாணம் என்றால் பித்தளையும் வெண்கலமும் மலையாகக் குவித்துப் புளி போட்டுத் துலக்குவார்கள். குத்துவிளக்கு உள்ளும் புறமும் ஒரே பித்தளை. மேலே ஒரு சுற்றுப் போனால் உள்ளே இருப்பதும் அதேதான். ஆத்தங்குடிக் கல்லும் அப்படி. நிறம் தடிமனாக இறங்கியிருப்பதால் நடக்க நடக்க மெருகு கூடுகிறது. முலாம் போட்ட பொருளில் புளியின் அமிலம் துவாரத்தில் இறங்கி அடி உலோகத்தைத் தின்றுவிட்டு மேலே ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கும்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது கடைசி வரியில்தான். வீட்டில் முலாம் பூசும் திரவம். தங்க முலாம் தொட்டிகளில் வழக்கமாக இருப்பது பொட்டாசியம் தங்க சயனைடு. சயனைடு கரைசலில் அமிலம் சேர்ந்தால் வெளிவருவது ஹைட்ரஜன் சயனைடு வாயு. புளிக்கரைசலுக்கு அடுத்த வரியில் இதை எழுதியிருக்கிறீர்கள். விற்கிற திரவத்தில் எல்லாம் சயனைடு இருக்கும் என்று நான் சொல்லவில்லை. லேபிளைப் படிக்காத ஒருவர் சமையல் மேடையில் இரண்டையும் பக்கத்தில் வைக்க உங்கள் குறிப்பு வழி சொல்கிறது. இதற்கு மட்டுமாவது ஒரு திருத்தம் போடுங்கள்.

முலாமே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கட்டிக் கண்ணியாக, உள்ளே வில்லோ கூடோ இல்லாத பித்தளைச் செயினைக் கழற்றிப் பழைய பூச்சை நீக்கி, குழிகளை அடைத்து, செம்பு, நிக்கல், தங்கம் என்று முறைப்படி ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எத்தனை மைக்ரான் என்று கேளுங்கள். கேள்வியே புரியாமல் விழித்தால் செயினை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டலாம். வாட்ச் கேஸுக்குப் போடுவதாக இருந்தால் மெஷினை வெளியே எடுத்துவிட்டுத்தான். பஃபிங் சக்கரத்தில் வைக்குமுன், முத்திரை எழுத்து இருக்கும் பக்கத்தைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட வேண்டும். ஸ்பிரிங் செயினுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்.

அப்படியானால் நான் என்ன செய்தேன் என்பீர்கள். மாற்றினேன்.

பாய் மூன்று வழி சொன்னார். எவர்சில்வர் நிறத்திலேயே புது ஸ்பிரிங் செயின். உழைக்கும், ஆனால் தங்கநிறக் கேஸுக்கு வெள்ளிச் செயின் போட்டால் ஊருக்கு வந்த மாப்பிள்ளை வேறு சட்டைக்கு வேறு வேட்டி கட்டின மாதிரி. இப்போது தங்கநிறத்தில் வருகிற செயின்களில் டைட்டானியம் நைட்ரைடு ஆவிப் பூச்சு இருக்கிறது, நல்ல கெட்டி, சீக்கிரம் கீறல் விழாது. நிறம்தான் சேரவில்லை, என் கேஸ் சற்றுச் சிவப்பு ஓடிய பழைய தங்கம், அது எலுமிச்சை மஞ்சள். தோல் வார் நானே வேண்டாம் என்றுவிட்டேன். இந்த வேர்வையில் ஆறு மாதத்தில் நாறும்.

பிறகு ஒரு நாள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இறங்கினேன். வீடு பிரித்த சாமான்கள் வந்து சேர்கிற தெரு. கதவு, தூண், எனாமல் தூக்கு, ரவிவர்மா படம் என்று வெளியூர்க்காரர்கள் தேடி வருவார்கள். நான் பழைய வாட்ச் செயின் கேட்டதும் கடைக்காரருக்குச் சிரிப்பு. ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கி முன்னால் கொட்டினார். பாம்புக் குட்டிகள் மாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு முப்பது நாற்பது கிடந்தன.

செயினை இப்படிப் பார்க்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெதுவாக இழுத்துவிட வேண்டும். விட்டதும் கண்ணிகள் வாயை மூட வேண்டும். பல்லை இளித்தபடி நின்றால் வில் செத்துப்போனது, எவ்வளவு மின்னினாலும் வைத்துவிட வேண்டியதுதான். பிறகு அகலம். வாட்சில் செயின் மாட்டும் இரண்டு காதுகளுக்கு நடுவே அளந்துகொண்டு போக வேண்டும். ஆண்கள் வாட்சில் 18 மில்லிமீட்டர் அதிகம் வரும், எனக்கு 10. ஸ்கேலை மணிபர்ஸில் வைத்துக்கொண்டுதான் போனேன். தேடித் தேடி அதே ஃபிக்ஸோஃப்ளெக்ஸ் ஒன்று, எழுத்து அழியாமல், கிடைத்தது. ஓரங்களில் யாரோ ஒருத்தி போட்டுத் தேய்த்திருக்கிறாள். 500 சொன்னார், 300-க்கு முடிந்தது.

இரண்டு கண்ணி அதிகமாக இருந்தது. பாய் மடிப்பை நெம்பி, கொக்கியை உருவி, கண்ணிகளை எடுத்துவிட்டு மறுபடி கோத்தார், பத்து நிமிஷம். காதில் மாட்டுகிற பின்னையும் புதிதாகப் போட்டார். செயினை மாற்றுகிறவர்கள் அந்தப் பத்து இருபது ரூபாய்ப் பின்னை மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள். ஸ்பிரிங் செயின் கையில் ஏறும்போதும் இறங்கும்போதும் முழு இழுப்பும் அதன் மேல்தான். வாட்ச் தரையில் விழுவது பெரும்பாலும் அது தேய்ந்து போய்த்தான்.

கழுவுவது என் அப்பத்தா கழுத்திருவை (கல்யாணத் தாலி ஆரம்) கழுவிய முறைதான். பூந்திக்கொட்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டுக் கசக்கி, நுரை வந்ததும் பிள்ளைகளின் மெத்தென்ற பிரஷ்ஷால் லேசாக. செயினை வாட்சிலிருந்து கழற்றிய பிறகு மட்டும். கண்ணிகளை இழுத்துப் பிடித்து நல்ல தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, ஃபேனுக்குக் கீழே ராத்திரி முழுக்க விரித்துப் போட வேண்டும். அதோடு சரி. தேய்ந்த இடம் தேய்ந்தபடியே இருக்கும்.

கடைசியாக ஒன்று. நீங்கள் இந்தக் குறிப்பை எங்கிருந்து எடுத்தீர்களோ தெரியாது. 1948 ஜூலை 25 அன்று நேரு காரைக்குடிக்கு வந்து அடிக்கல் நாட்டிவிட்டுப் போன மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இங்கேயே இருக்கிறது. நாங்கள் சிக்ரி என்போம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து வரவழைத்தது. முலாமும் அரிமானமும் அங்கே பாடம். பள்ளிப் பிள்ளைகளைப் பார்வையிட விடும் நாட்களில் நானும் கூட்டிப்போயிருக்கிறேன். இந்த மாவட்டத்துக்கும் சேர்த்துப் பதிப்பு போடுகிற நீங்கள், அடுத்த தடவை முலாம் பற்றி எழுதுமுன் அங்கே யாரையாவது ஒரு வார்த்தை கேட்கலாம். நம் ஊர் வாட்ச் ரிப்பேர்க்காரர்களுக்கும் கவரிங் வேலை செய்பவர்களுக்கும் ஒரு சனிக்கிழமை உட்காரவைத்து, எதை முக்கலாம் எதை முக்கக்கூடாது என்று சொல்லிக்கொடுக்க அவர்களால் முடியுமா என்பதையும் உங்கள் பத்திரிகை மூலமாகவே கேட்டுவைக்கிறேன்.

பெயர் போட வேண்டாம், ஊர் போதும். கோட்டையூரில் சாக்பீஸ் என்று படித்த உடனே யாரென்று தெரிந்துவிடும், அது வேறு விஷயம். பேரனும் இதைப் படிப்பான். அவனுக்குச் சொல்லிக்கொள்வது: முலாம் போட்ட செயினை நான் தூக்கிப் போடவில்லை. பாய் திறந்த அந்த ஒரு கண்ணியை மூட வேண்டாம் என்று சொல்லி அப்படியே வாங்கி, பினாங்கு டப்பாவிலேயே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
கோட்டையூர்.